இன்டேக் மேனிஃபோல்ட் மாற்றலாமா? முதலில் ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள்

வெளிச்சந்தையில் விற்கும், என்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்ட்டுகளின் விளம்பரங்களில் ஓர் எண் கொட்டை எழுத்தில் இருக்கும்: 20 குதிரைத்திறன் கூடும், 30 கூடும் என்று. அந்த எண் பெரும்பாலும் பொய்யாக இருக்காது. ஆனால் எந்த ஆர்பிஎம்மில் (என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்ற எண்) கூடுகிறது, அதற்குக் கீழே எவ்வளவு கைவிட்டுப் போகிறது என்ற இரண்டு விவரங்களும் அங்கே இருக்காது. வாங்குவதா வேண்டாமா என்ற முடிவு அந்த இரண்டையும் பொறுத்தது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேறெந்த மாற்றமும் செய்யாத, தினமும் வேலைக்குப் போய்வரும் காருக்கு இது பெரும்பாலும் தண்டச் செலவு. ஏன் தண்டம் என்று புரிந்தால், எந்தக் காருக்குத் தண்டமில்லை என்பதும் புரிந்துவிடும்.

ஏர் ஃபில்டரைத் தாண்டி வரும் காற்று, த்ராட்டில் என்ற கதவைக் கடந்து ஒரு பெட்டிக்குள் நுழைகிறது. அந்தப் பெட்டிக்குப் பிளீனம் என்று பெயர். அதிலிருந்து சிலிண்டருக்கு ஒன்றாகக் குழாய்கள் பிரிந்து போகின்றன, அவை ரன்னர்கள். எட்டு சிலிண்டர் என்றால் எட்டு ரன்னர். பெட்டியும் குழாய்களும் சேர்ந்ததுதான் இன்டேக் மேனிஃபோல்ட். பழைய கார்களில் அது வார்ப்பிரும்பாகவோ அலுமினியமாகவோ இருக்கும். இன்றைய கார்கள் பலவற்றில் நைலான் கலவை. வெறும் குழாய்க்கொத்துதானே, இதில் மாற்றுவதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றலாம். குழாயின் அகலமும் பிளீனத்தின் கொள்ளளவும் முக்கியம்தான். ஆனாலும் என்ஜினின் குணத்தை அதிகம் மாற்றுவது ரன்னரின் நீளம்.

காற்று வந்து சேரும் நேரம்

இன்டேக் வால்வு திறந்து பிஸ்டன் கீழே இறங்கும்போது ரன்னருக்குள் இருக்கும் காற்று வேகம் பிடிக்கிறது. பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டு மேலே திரும்பிய பிறகும் வால்வு உடனே மூடுவதில்லை. டவுன் பஸ்ஸில் ஓட்டுநர் பிரேக் போட்டதும் நிற்பவர்கள் எல்லாரும் முன்னால் நெருங்க, பின்படியில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் கிடைத்துவிடும் அல்லவா? அதைப்போல, ஓடிவந்த வேகத்தில் காற்று நெருக்கியடித்துக்கொண்டு சிலிண்டருக்குள் ஏறுகிறது. என்ஜின் வடிவமைப்பாளர்கள் வால்வைச் சற்றுத் தாமதமாக மூட வைப்பதே இதற்காகத்தான்.

இதோடு இன்னொன்றும் நடக்கிறது. பிஸ்டன் இழுக்கும் இழுப்பு, அழுத்தம் குறைந்த ஓர் அலையாக ரன்னர் வழியே ஒலியின் வேகத்தில் மேலே ஓடுகிறது. குழாய் முடிந்து பிளீனம் திடீரென்று அகலும் இடத்தில் அந்த அலை தலைகீழாகிறது. அழுத்தம் கூடிய அலையாக வால்வை நோக்கித் திரும்புகிறது. வால்வு மூடுவதற்குச் சற்று முன் அது வந்து சேர்ந்தால் லாபம். காற்றைத் திணிக்கும் டர்போ எதுவும் இல்லாத சாதாரண என்ஜின்கூட அந்த ஆர்பிஎம்மில் தன் கொள்ளளவைவிடச் சற்று அதிகமான காற்றை நிரப்பிக்கொள்ள முடியும். அலை முந்தி வந்தாலும் பிந்தி வந்தாலும் அந்த லாபம் கிடைக்காது.

ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிஸ்டனின் இழுப்பு உச்சத்தில் இருக்கும் நேரத்துக்கும், திரும்பும் அலை வந்து சேரவேண்டிய நேரத்துக்கும் இடையே, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்ஷாஃப்ட் என்ற தண்டு சுமார் 90 டிகிரி சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். 6,000 ஆர்பிஎம்மில் 90 டிகிரி சுழல ஆகும் நேரம் 2.5 மில்லி விநாடி. சூடான காற்றில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 360 மீட்டர் போகும். ஆக, அந்த 2.5 மில்லி விநாடியில் அலை போய்த் திரும்பும் மொத்தத் தூரம் 90 சென்டிமீட்டர். ஒரு வழிக்கு 45 சென்டிமீட்டர். வால்வுகள் உட்காரும் சிலிண்டர் ஹெட்டுக்குள் இருக்கும் வழியின் நீளமும் இதில் அடக்கம். இதே கணக்கை 3,000 ஆர்பிஎம்முக்குப் போட்டால் ஒரு வழி நீளம் இரட்டிப்பாகி 90 சென்டிமீட்டர் ஆகிவிடும். நிஜ என்ஜினில், வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டைப் பொறுத்து இந்த எண்கள் முன்னே பின்னே நகரும். ஆனால் நீளமான ரன்னர் கீழ் ஆர்பிஎம்முக்கு உதவும், குட்டையானது மேல் ஆர்பிஎம்முக்கு உதவும் என்பது மாறாது.

இரண்டும் வேண்டும் என்றால் ஓடும்போதே நீளம் மாறவேண்டும். அப்படியும் செய்திருக்கிறார்கள். 1991இல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற மாஸ்டா 787பி காரின் இன்டேக் குழாய்கள், ஆர்பிஎம் ஏற ஏறத் தொலைநோக்கிக் குழல்போல உள்ளிழுத்துக் குறுகிக்கொள்ளும். பிஎம்டபிள்யூ 2001இல் தன் 7 சீரிஸ் காரின் வி8 என்ஜினில் படிப்படியாக அல்லாமல் தொடர்ச்சியாக நீளம் மாறும் மேனிஃபோல்ட்டைப் பொருத்தியது. இரண்டுமே சிக்கலானவை, செலவு பிடிப்பவை. கடையில் பெட்டியில் அடைத்து விற்பவற்றில் அநேகமாக எல்லாமே ஒரே நீளத்தில் நிற்பவைதான். ஆகவே அவற்றை வாங்குகிறவர் ஏதாவது ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

இந்தக் கொடுக்கல் வாங்கலைப் பளிச்சென்று காட்டும் கார் ஒன்று அமெரிக்காவில் இருந்தது: 1960ஆம் ஆண்டின் கிரைஸ்லர் 300எஃப். அதன் 413 கன அங்குல வி8 என்ஜினின் மேல் 30 அங்குல நீளக் குழாய்கள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் குறுக்கே பாய்ந்து கிடக்கும். பானெட்டைத் திறந்தால் என்ஜினைவிடக் குழாய்தான் கண்ணில் படும். இந்த அமைப்பில் 375 குதிரைத்திறன். டார்க் (என்ஜின் திருகும் விசை) உச்சம் 2,800 ஆர்பிஎம்மிலேயே 671 நியூட்டன் மீட்டர். கூடுதல் விலைக்கு 400 குதிரைத்திறன் என்ஜினும் கிடைத்தது. அதன் குழாய்கள் வெளியே பார்க்க அப்படியேதான் இருக்கும். ஆனால் உள்ளே, பக்கத்துப் பக்கத்துக் குழாய்களைப் பிரிக்கும் சுவரைப் பாதித் தூரத்துக்கு எடுத்துவிட்டிருந்தார்கள். அலைக்குத் தெரியும் நீளம் 15 அங்குலமாகிவிட்டது. டார்க் 630 ஆக இறங்கி, அதன் உச்சமும் 3,600க்கு ஏறிவிட்டது. அந்த என்ஜினில் வேறு சில மாற்றங்களும் உண்டு. இருந்தாலும் குழாயின் கைவண்ணம் அதில் தெளிவாகத் தெரிகிறது.

முஸ்டாங் ஜிடியும் பாஸ் 302உம்

இனி, இன்று பலரும் உண்மையிலேயே யோசிக்கும் ஒரு மாற்றத்தை எடுத்துக்கொள்வோம். ஃபோர்டு முஸ்டாங் ஜிடி காரில் 2011ஆம் ஆண்டு மாடலிலிருந்து கொயோட்டி என்ற 5.0 லிட்டர் வி8 என்ஜின் வந்தது. அடுத்த ஆண்டே, பந்தயப் பாதையை மனத்தில் வைத்து, பாஸ் 302 என்ற பதிப்பு வந்தது. அதில் குட்டை ரன்னர் மேனிஃபோல்ட். அந்த மேனிஃபோல்ட்டை ஃபோர்டு தனிப் பாகமாகவும் விற்றது. ஜிடி என்ஜினிலும் அது உட்காரும். உடனே ஜிடி வைத்திருப்பவர்களின் கை துறுதுறுக்க ஆரம்பித்தது.

கம்பெனி தந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜிடி: 6,500 ஆர்பிஎம்மில் 412 குதிரைத்திறன், 4,250இல் 529 நியூட்டன் மீட்டர். பாஸ்: 7,400இல் 444 குதிரைத்திறன், 4,500இல் 515 நியூட்டன் மீட்டர். பவர் 32 கூடியிருக்கிறது, டார்க் 14 குறைந்திருக்கிறது, இரண்டின் உச்சமும் மேலே நகர்ந்திருக்கிறது.

பவர் என்பது டார்க்கையும் ஆர்பிஎம்மையும் பெருக்கி வருவது. பின்னோக்கிக் கணக்குப் போட்டால், பவர் உச்சத்தில் ஜிடியின் டார்க் சுமார் 451 நியூட்டன் மீட்டர். பாஸின் டார்க் சுமார் 427தான். அதாவது, அதிகப் பவர் காட்டும் என்ஜின் அந்த இடத்தில் குறைவாகவே திருகுகிறது. அதை 900 ஆர்பிஎம் அதிக வேகத்தில் செய்வதால் எண் பெரிதாகத் தெரிகிறது. இதற்கும் முழுக் காரணம் மேனிஃபோல்ட் இல்லை. பாஸ் என்ஜினுக்கு எந்திரத்தில் கடைந்த சிலிண்டர் ஹெட்டுகள், வேறு கேம்ஷாஃப்ட் (சுருக்கமாகக் கேம்), அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு பிஸ்டன்கள் எல்லாம் உண்டு. ஜிடியில் மேனிஃபோல்ட்டை மட்டும் மாற்றுகிறவருக்கு 32 முழுதாக வராது. வழக்கமாக நடப்பது இதுதான்: நடு ஆர்பிஎம்களில் இழுவை குறைகிறது, 6,500ஐத் தாண்டிய பிறகு, பழைய மேனிஃபோல்ட் மூச்சு வாங்கத் தொடங்கும் இடத்தில், புதியது விடாமல் இழுக்கிறது.

ஜிடியின் தொழிற்சாலை ரெட்லைன், அதாவது என்ஜின் தாண்டக்கூடாத ஆர்பிஎம், 7,000. அப்படியானால், லாபம் வரும் இடம் 6,500க்கும் 7,000க்கும் இடையே உள்ள ஒரு சிறிய சந்து. என்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்புகளை மாற்றி, அதாவது ட்யூன் செய்து, ரெட்லைனை 7,500க்கு உயர்த்தினால் அந்தச் சந்து தெருவாகும். ட்யூன் வேறொரு காரணத்துக்காகவும் தேவை. இந்த என்ஜினில் கேம்களின் நேரத்தைக் கம்ப்யூட்டர் ஓட்டத்திலேயே மாற்றிக்கொண்டிருக்கிறது. அந்த நேர அட்டவணை பழைய மேனிஃபோல்ட்டுக்காக எழுதப்பட்டது. ட்யூன் இல்லாமல் குட்டை ரன்னரைப் பொருத்துவது, இழப்பை மட்டும் காசு கொடுத்து வாங்குவதற்குச் சமம்.

இப்போது ஆர்பிஎம் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். 2011 ஜிடியின் ஆறு வேக மேனுவல் கியர்பாக்ஸில் இரண்டாம் கியர் விகிதம் 2.43, மூன்றாவது 1.69, நான்காவது 1.32. பந்தயப் பாதையில் 7,000 வரை இழுத்து இரண்டிலிருந்து மூன்றுக்குப் போட்டால் முள் ஏறக்குறைய 4,870க்கு விழும். மூன்றிலிருந்து நான்குக்கு என்றால் 5,470. ரெட்லைன் 7,500 ஆக இருந்தால் முறையே 5,220, 5,860. கியர் மாற்றிய ஒவ்வொரு முறையும் முள் 4,800க்கு மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அப்படி ஓட்டுகிறவருக்குக் கீழே என்ன குறைந்தது என்பதே தெரியாது. குட்டை ரன்னர் அவருக்காகவே செய்தது.

அதே காரை ஆறாம் கியரில் போட்டு நெடுஞ்சாலையில் மணிக்கு 112 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுங்கள். பின்அச்சின் விகிதம் 3.31 என்றால் என்ஜின் சுமார் 1,850 ஆர்பிஎம்மில் சுற்றும். முன்னே போகும் லாரியைக் கடக்க நான்காம் கியருக்கு இறக்கினாலும் 4,000ஐ எட்டாது. குட்டை ரன்னரின் லாபம் தொடங்கும் இடத்துக்கு இன்னும் வெகு தூரம். நகரத்துச் சிக்னல்களுக்கு இடையே அதைவிட மோசம். ஆண்டு முழுக்க இப்படி ஓட்டுகிறவர் நல்ல மேனிஃபோல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பிக்கப் குறைந்த காரை ஓட்டிக்கொண்டிருப்பார், அதுவும் சில நூறு டாலர்களைச் செலவழித்துவிட்டு.

இதே காசுக்கு அவருக்கு வேறு வழி உண்டு. பின்அச்சு கியரை 3.31இலிருந்து 3.73க்கு மாற்றினால் எல்லா கியரிலும், எல்லா ஆர்பிஎம்மிலும் சக்கரத்துக்குப் போகும் டார்க் சுமார் 12.7 சதவீதம் கூடும். நெடுஞ்சாலையில் 1,850 என்பது சுமார் 2,080 ஆகும். எரிபொருள் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். கியர் பொருத்துவது கைதேர்ந்த மெக்கானிக்கின் வேலை, கூலியும் அதற்கேற்ப இருக்கும். ஆனால் சாலையில் உட்கார்ந்த இடத்திலேயே வித்தியாசம் தெரியும். நல்ல டயர்கள் இன்னும் உறுதியான முதலீடு என்பேன், ஆனால் டயர் வாங்கியதைப் பற்றிப் பெருமையடிக்க யாரும் விரும்புவதில்லை.

இழப்பில்லாத லாபம் கிடைக்கும் இடங்கள்

சில கார்களில் தொழிற்சாலை மேனிஃபோல்ட்டே பலவீனமானதாக இருக்கும். செலவைக் குறைக்கவோ, தாழ்ந்த பானெட்டுக்குள் அடக்கவோ சமரசம் செய்திருப்பார்கள். அங்கே மாற்று மேனிஃபோல்ட் கீழே எதையும் பறிக்காமல் மேலே கொடுக்கலாம். ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ்1 வி8 அப்படிப்பட்டது. 1997இல் கார்வெட்டில் வந்தபோது அதற்கு 345 குதிரைத்திறன். 2001இல் எல்எஸ்6 என்ற உயர்ந்த என்ஜினின் மேனிஃபோல்ட்டையே எல்எஸ்1க்கும் போட்டார்கள், கேமையும் மாற்றினார்கள். எண் 350 ஆனது. ஐந்தே ஐந்துதான். ஆனால் மேனுவல் கியர் கார்வெட்டின் டார்க் 475 நியூட்டன் மீட்டரிலிருந்து 508 ஆக உயர்ந்தது. விளம்பரத்துக்கு உதவாத, ஓட்டுவதற்கு உதவும் மாற்றம் இது.

பழைய எல்எஸ்1 வைத்திருந்தவர்கள் பழைய உதிரிபாகக் கடைகளில் எல்எஸ்6 மேனிஃபோல்ட்டைத் தேடி வாங்கிப் பொருத்தியதற்கு இதுதான் காரணம். அப்படிப் பொருத்தும்போது எதிர்ப்படும் சில்லறைச் சிக்கல்களைக் கவனியுங்கள். எந்தக் காரிலும் இவற்றின் தம்பி தங்கைகள் காத்திருக்கும். எல்எஸ்6 மேனிஃபோல்ட்டின் அடிப்பகுதி தாழ்ந்திருப்பதால், என்ஜினின் பின்பக்கம் ஓடும், கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவத்தின் மெல்லிய நீராவிக் குழாய் இடிக்கும். அதை எடுத்துவிட்டு வாயை அடைக்க வேண்டும். புகையின் ஒரு பகுதியை மீண்டும் இன்டேக்குக்கு அனுப்பும் இஜிஆர் குழாய்க்கு இதில் இடமில்லை. 2000 வரையான சில கார்களில் அது இருந்தது. அதை என்ன செய்வது என்று முன்பே தீர்மானிக்காமல் பழையதைக் கழற்றியவர், கார் பாதி பிரிந்து கிடக்க, வாரக்கடைசி முழுக்க யோசித்துக்கொண்டிருப்பார்.

பழையது உடைந்துபோனால் கேள்வியே மாறிவிடுகிறது. 1996 முதல் 2001 வரையான ஃபோர்டின் 4.6 லிட்டர் வி8 கார்கள் பலவற்றில் மேனிஃபோல்ட் முழுக்கப் பிளாஸ்டிக். முன்பக்கம் சூடான கூலன்ட் கடந்துபோகும் பகுதியும் பிளாஸ்டிக்தான். அது வெடிப்பு விட்டுக் கூலன்ட் ஒழுகும். வழக்கு வரை போய்ச் சமரசமாக முடிந்த விவகாரம் அது. அந்தக் கார்களுக்கு அந்தப் பகுதியை மட்டும் அலுமினியத்தில் செய்த மாற்று மேனிஃபோல்ட்டுகள் வந்தன. ஒரு குதிரைத்திறன்கூடக் கூடாது. ஆனாலும் யோசிக்காமல் வாங்க வேண்டியது.

கேம், புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் ஹெடர், சிலிண்டர் ஹெட் எல்லாம் ஏற்கெனவே மாற்றிய என்ஜினும் விதிவிலக்கு. அங்கே மற்றவை எல்லாம் மேல் ஆர்பிஎம்முக்குத் தயாராக நிற்கும்போது பழைய நீள ரன்னர்தான் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே மேனிஃபோல்ட்டைக் கடைசியில் வாங்குவதே முறை, பலர் முதலில் வாங்கிவிடுகிறார்கள். டர்போ கார்களில் இது இன்னும் பின்வரிசைக்குப் போகிறது. அங்கே காற்றைத் திணிக்க டர்போ இருக்கிறது. ட்யூன் வழியே பூஸ்ட்டை (டர்போ தரும் காற்றழுத்தத்தை) சற்று ஏற்றினால் வரும் பவரை மேனிஃபோல்ட் மட்டும் தந்துவிடாது.

வாங்குமுன்

விற்பவரிடம் உச்ச எண்ணைக் கேட்காதீர்கள். டைனோ வரைபடத்தை, அதாவது என்ஜினின் சக்தியை அளக்கும் இயந்திரம் ஆர்பிஎம் வாரியாக வரைந்த கோட்டை, கேளுங்கள். பழையதும் புதியதும் ஒரே காரில், ஒரே டைனோவில், ஒரே மாதிரி வெப்பநிலையில் ஓட்டப்பட்டிருக்க வேண்டும். இரண்டு கோடுகளும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் ஆர்பிஎம்மைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் முள் அந்தப் புள்ளிக்கு இடப்பக்கம் அதிகம் இருக்கிறதா, வலப்பக்கமா? வரைபடம் 4,500 ஆர்பிஎம்மிலிருந்துதான் தொடங்குகிறது என்றால், அதற்குக் கீழே காட்ட விரும்பாத ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன். மேனிஃபோல்ட்டோடு ட்யூனும் சேர்த்து ஓட்டிய வரைபடம் என்றால், ட்யூன் மட்டும் செய்த கோடு எங்கே என்று கேளுங்கள். பல சமயம் லாபத்தின் பெரும்பங்கு அதனுடையதாக இருக்கும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்றும் உண்டு. பிளீனத்தின் அழுத்தத்தை அளக்கும் சென்சார் உள்ள காரில், காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் சாதாரண ஓபிடி ஸ்கேனரைச் செருகி, த்ராட்டிலை முழுதாக மிதித்து ரெட்லைன் அருகே போகும்போது அந்த எண்ணைப் பதிவுசெய்யுங்கள். பந்தயப் பாதையிலோ டைனோவிலோ செய்யுங்கள், தெருவில் வேண்டாம். என்ஜின் அணைந்திருக்கும்போது காட்டும் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட இரண்டு மூன்று கிலோபாஸ்கல்தான் குறைகிறது என்றால், ஃபில்டரும் த்ராட்டிலும் காற்றைத் தடுக்கவில்லை. பெரிய த்ராட்டில் வாங்கச் சொல்கிறவரிடம் அந்த எண்ணைக் காட்டலாம். பத்து, பன்னிரண்டு குறைந்தால் அடைப்பு அங்கேதான். முதலில் ஃபில்டரைப் பாருங்கள். ரன்னரின் நீளம் சரியா என்பதை இந்தச் சோதனை சொல்லாது, அதற்கு டைனோதான்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். கலிபோர்னியாவில் சாலையில் ஓடும் காரில் இத்தகைய பாகத்தைப் பொருத்த, மாநிலக் காற்று வள வாரியம் அந்தப் பாகத்துக்கு வழங்கிய அனுமதி எண் இருக்க வேண்டும். புகைச் சோதனையின்போது பானெட்டைத் திறந்து கண்ணாலும் பார்ப்பார்கள். 2015 மாடல் முஸ்டாங் ஜிடியின் மேனிஃபோல்ட்டில், குறைந்த ஆர்பிஎம்மில் காற்றைச் சுழற்றிவிட்டு எரிதலைச் சீராக்கிப் புகையைக் குறைக்க உதவும் சிறு தகடுகள் உண்டு. பந்தய மேனிஃபோல்ட்டுகள் பலவற்றில் அவை இருக்காது.

பொருத்தும் வேலை கொயோட்டி போன்ற என்ஜினில் கடினமில்லை, ஏனென்றால் மேனிஃபோல்ட் வழியே கூலன்ட் ஓடுவதில்லை. பழையதைத் தூக்கியதும் எட்டுத் துளைகளும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அடுத்த நொடியே சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். ஒரு சின்ன போல்ட் உள்ளே விழுந்தால் மிச்சம் பிடித்த கூலியெல்லாம் அதோடு போயிற்று. போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள். பிளாஸ்டிக்கை அழுத்தி முறுக்கினால் அது வளைந்து காற்று கசியும், ஐட்லிங் தடுமாறும். பழைய மேனிஃபோல்ட்டைக் காசுக்குக் கொடுத்துவிடாமல், துளைகளை டேப் ஒட்டி மூடிப் பரணில் வையுங்கள். காரை விற்கும் நாளில் மாற்றம் செய்யாத காரைத்தான் அதிகம் பேர் கேட்பார்கள்.